பேரன் பேரில் எழுதிய கணக்கு

எந்த தேசத்தில் குடியேறினால் நலம், எங்கே சம்பளம் அதிகம், எங்கே வரி குறைவு, எங்கே குளிர் பொறுக்கும்படி இருக்கும், எத்தனை வருஷம் காத்திருந்தால் பிரஜாவுரிமை கிடைக்கும் என்றெல்லாம் பட்டியல் போட்டு, அனுகூலங்களை ஒரு பக்கமும் பிரதிகூலங்களை மறுபக்கமுமாக எழுதி ஆலோசிப்பது இந்தக் காலத்து இளைஞர்கள் கண்டுபிடித்த பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். மற்ற ஊர்களில் அப்படி இருக்கலாம். புதுச்சேரியில் அது பரம்பரையாக வந்த காரியம். கடலுக்கு அப்பால் இருக்க வேண்டிய அந்நிய தேசம் 1674-ஆம் வருஷத்தில் வாசற்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, இடையில் டச்சுக்காரரிடமும் ஆங்கிலேயரிடமும் சில தடவை ஊரைப் பறிகொடுத்தும் மீட்டும், கோர்ட்டும் பள்ளிக்கூடமும் பட்டாளமும் நடத்தி, 1954-இல் எழுந்து போயிற்று. ஆகையால் திண்ணையை விட்டு இறங்காத மனிதர்கூட, எந்த ராஜ்யத்தின் பிரஜையாக இருப்பது லாபம் என்று ஒரு தடவையாவது யோசிக்க வேண்டியிருந்தது. அப்படி யோசித்தவர்களில் அநேகர் இப்போது இல்லை. அவர்கள் போட்ட கணக்குகளின் விடை, அவர்களுக்குப் பின்னால் பிறந்தவர்களின் வாழ்க்கையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துவருகிறது.

தேசம் மாறுவதற்குக் கப்பலேற வேண்டும் என்ற நியதியும் இந்த ஊருக்குக் கிடையாது. 1908-இல் சுப்பிரமணிய பாரதி சென்னையில் ரயிலேறி, சில மணி நேரப் பிரயாணத்தில் பிரெஞ்சு ராஜ்யத்துக்குள் வந்து சேர்ந்தார். வந்த இடத்திலும் தமிழ்தான் பேசினார்கள். கோயிலில் அடித்த மணியும் கடைத்தெருவில் விற்ற கத்தரிக்காயும் வேறு மாதிரி இல்லை. ஆனால் பிரிட்டிஷ் போலீஸாரின் வாரண்டு எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. ‘இந்தியா’ பத்திரிகை அந்த வருஷம் அக்டோபரிலேயே இங்கிருந்து வெளிவரத் தொடங்கிற்று. ஓர் எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய அனுகூலம் ஏது? பிரதிகூலம் பிறகு வந்தது. அச்சடிக்கும் சுதந்திரம் எல்லைக்கு இந்தப் பக்கமும், வாசிக்கிற ஜனங்கள் அந்தப் பக்கமுமாக இருந்தபடியால், பிரிட்டிஷ் சர்க்கார் பத்திரிகையை உள்ளே வரவொட்டாமல் தடுத்ததும் 1910 மார்ச்சில் அது நின்றுபோயிற்று. அப்புறம் எட்டு வருஷத்துக்கு மேல் வருமானம் சொற்பம், ஒற்றர் தொல்லை அபாரம்.

பத்திரிகை நின்ற அதே வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி ஸ்ரீ அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். லண்டனில் கைதாகாமல் தப்பி, வேஷம் மாறி, வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க் கௌரவஸ்தர்கள் ஐவரின் சான்று பெற்றுப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1911-இல் பிரெஞ்சு சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. தமிழ் மண்ணில் நின்றுகொண்டு, தாம் அந்நியர் என்றும் ஆனால் யோக்கியமான அந்நியர் என்றும் தமிழ்க் கவிஞர் ஒருவர் நிரூபிக்க வேண்டியிருந்த விநோதத்தைச் சரித்திரம் அதிகம் பேசுவதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஐந்து புதுவைவாசிகளுக்குத்தான் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

மூவரும் அடைந்தது ஒரே புகலிடம், ஏறக்குறைய ஒரே காலத்தில். பாரதி 1918 நவம்பரில் இனிப் பொறுக்க முடியாது என்று எல்லையைத் தாண்டி, கடலூருக்குப் பக்கத்தில் கைதானார். பொதுமன்னிப்பு கிடைத்த பிறகு 1920-இல் ஐயர் திரும்பினார். அரவிந்தரோ, வெளியே போகத் தடை ஒன்றும் இல்லாத காலத்திலும், 1950-இல் தேகம் விடும்வரை இந்த ஊரை விட்டு நகரவில்லை. ஒருவருக்கு மூச்சுமுட்டிய நாலு வீதி இன்னொருவருக்குப் போதுமானதாக இருந்தது என்றால், அந்த வீதிகளின் குணத்தைப் பட்டியல் போட்டு என்ன பயன்? ‘பாஞ்சாலி சபத’மும் ‘கண்ணன் பாட்’டும் ‘குயில் பாட்’டும் பாரதியின் மூச்சுமுட்டிய அந்தப் பத்து வருஷத்தில் பிறந்தவை, ஆகவே அவருக்கு நேர்ந்த நஷ்டம் தமிழுக்கு லாபம் என்று பிரசங்கிகள் சொல்லும்போது மறுக்க முடிவதில்லை. ஆனால், அடுப்பில் உலை வைத்துவிட்டு அரிசிக்குக் காத்திருந்த அவர் மனைவி செல்லம்மாள் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டிருப்பாரா என்று ஒருவரும் கேட்பதில்லை. லாபத்தை ஒருவரும் நஷ்டத்தை வேறொருவரும் பெற்றுக்கொள்ளும் இந்த விசேஷம், பாரதி குடும்பத்துக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல. குடிபெயர்ந்த ஒவ்வொரு வீட்டிலும் அது உண்டு என்பதே என் அபிப்பிராயம்.

இனி, கப்பலேறினவர்களைப் பார்ப்போம். கரையோடு கப்பல் ஒட்டி நிற்கும் வசதி அந்த நாளில் புதுச்சேரிக்கு இருந்ததில்லை. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குச் சலங்குகளில் ஏறி அலை தாண்டித்தான் போகவேண்டும். 1866-இல் இரும்புப் பாலம் கட்டிய பிறகு அந்தச் சங்கடம் சற்றே குறைந்தது. ரெயூனியன் தீவுக்கு 1828-லேயே ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்து, கரும்புத் தோட்டங்களில் கை போதாமற்போகவே, ‘ஔரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவில் முதல் கூட்டத்தை இறக்கிற்று. அடுத்த வருஷக் கடைசியில் குவாதலூப்புக்கும் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் தஞ்சாவூர், தென்னாற்காடு ஜில்லாக்களின் ஏழை ஜனங்கள், பிரிட்டிஷ் பிரஜைகள். இவர்களுக்கும் தேசங்களை ஒப்பிட்டுக் காட்டிய ஒருவர் இருந்தார்: ஆள் பிடிக்கும் மேஸ்திரி. அவர் சொன்னதில் அனுகூலம் மாத்திரம் இருந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், சோறு, துணி, கூலி, முடிவில் திரும்பிவரக் கப்பல் சத்தம். பிரதிகூலங்களை அவர்கள் தோட்டத்தில் இறங்கியபின் தெரிந்துகொண்டார்கள். அநேகர் திரும்பி வரவில்லை. ஆனால் பஞ்சத்தில் அடிபட்ட குடியானவனுக்கு மேஸ்திரியின் வார்த்தையைச் சோதித்துப் பார்க்க மனம் இருந்தாலும் அவகாசம் இருந்திராது. பசித்த வயிறு இரண்டு தேசங்களை ஒப்பிடுவதில்லை, இருக்கும் இடத்தை விட்டுப் போனால் போதும் என்று கிளம்பிவிடும்.

அவர்களுடைய பிள்ளைகள் அந்தத் தீவிலேயே பிறந்து, அந்தத் தீவின் பாஷையையே பேசினார்கள். ஆனாலும் குவாதலூப்பில், இவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகள் அல்லர், வாக்களிக்கக் கூடாது என்று 1904-இல் ஆட்சேபம் எழுந்தது. அங்கே கப்பெஸ்தேரில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர் வழக்காடத் தொடங்கி, 1923 வரை விடாமல் போராடி, தம் ஜனங்களுக்கு வாக்குரிமையை வாங்கிக் கொடுத்தார். ஏறத்தாழ இருபது வருஷம்! பிரெஞ்சுக் குடிமகன் என்ற அந்தஸ்தை அதற்கு வெகுகாலம் முன்பே, புதுச்சேரியில் இருந்துகொண்டே ஒரு தாளில் கையெழுத்திட்டுப் பெற்றவர்கள் இருந்தார்கள். பிரான்ஸுக்குப் போவது நல்லதா என்று பொதுப்படையாகக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: ஒரே கொடியின் கீழ், ஒரே தலைமுறையில் வாழ்ந்த இரண்டு தமிழர்களுக்கு அந்தத் தேசம் ஒரே தேசமாக இருக்கவில்லை.

அந்தத் தாளின் கதை ருசிகரமானது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பிய மோஸ்தரில் சப்பாத்தும் காலுறையும் அணிந்து கோர்ட்டுக்குள் வந்தார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். நம்மில் பலர், போகட்டும், வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்ப் பிழைப்பைப் பார்ப்போம் என்றிருப்போம். அவர் பாரிஸின் உச்ச கோர்ட்டு வரை போய்த் தம் பக்கம் தீர்ப்பு வாங்கிவிட்டு வந்தார். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதியிட்ட அரசாணை ஒன்று, தம் ஜாதி சமய வழக்கத்தை ஒட்டிய சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ளும் இந்தியர்களுக்கு வழி திறந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை லாப்போர்த் ஆனார். இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்று இன்றும் இந்த ஊரில் சொல்கிறார்கள். ஒரு தடவை துறந்தால் துறந்ததுதான். பிள்ளைகளுக்கும் அதுவே சட்டம்.

கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட ஜாதியாரும் இந்த வழியில் அதிகம் போனார்கள். ஷண்முக வேலாயுத முதலியார் தலைமையில் இருந்த ஜாதி இந்துக்களின் கட்சி அதை வன்மையாக எதிர்த்தது. காரணம் எளிது. மூதாதையர் சட்டத்தில் நிலமும் மரியாதையும் பெற்றிருந்தவருக்கு அதைத் துறப்பது பெரும் நஷ்டம். அதே சட்டத்தால் தெருவுக்குள் வரக்கூடாது என்று விலக்கப்பட்டவருக்குத் துறப்பதற்கு அதில் என்ன இருந்தது? இரு சாராரும் ஒரே சாசனத்தைத்தான் வாசித்தார்கள். ஸ்வதேசத்தின் அனுகூலங்களைப் பற்றி உருக்கமாகப் பேசுகிறவர்களைக் காணும்போதெல்லாம், அவர் அந்த ஸ்வதேசத்தில் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று விசாரிப்பது என் வழக்கமாகிவிட்டது.

துறந்தவர்களுக்கு உடனே பலன் தந்த தேசம் பிரான்ஸ் அல்ல, சைகோன். 1862-இல் அன்னாம், அதாவது வியட்நாம், தேசத்து அரசன் தன் தென்மாகாணங்கள் சிலவற்றைப் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்த பிறகு, அங்கே பிரெஞ்சு தெரிந்த குமாஸ்தாக்களும் போலீஸாரும் சிறைக் காவலரும் சுங்க உத்தியோகஸ்தர்களும் தேவைப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். ரெனோன்சான்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் என்ற காரணத்தால் ஐரோப்பியருக்குரிய சம்பள விகிதத்தைக் கேட்டு வாங்கவும், தேர்தலில் வாக்களிக்கவும் முடிந்தது; ஊரில் நடைபாதையின் ஓரமாக ஒதுங்கிப் போன குடும்பத்துப் பிள்ளை அங்கே தொப்பியும் தொரையுமாக நடந்தான். ராமநாதபுரத்துச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். மாரியம்மன் கோயில் எழுந்தது. சைகோன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடுகள் இங்கே வந்தன, சைகோன் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கத் தரகர்கள் அலைந்தார்கள். அங்கிருந்த அன்னாமியருக்கோ, வரி வாங்க வந்த தமிழன் பிரெஞ்சுக்காரனின் நீண்ட கை. அந்த வெறுப்பு பட்டியலின் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை அது கண்ணில் படுவதும் இல்லை.

பிறகு அந்தத் தேசமே மறைந்தது. 1945 மார்ச்சில் ஜப்பானியர் பிரெஞ்சு நிர்வாகத்தைக் கவிழ்த்தார்கள். 1954 ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். 1975 ஏப்ரலில் சைகோன் விழுந்தது; பிறகு அதன் பெயரும் போயிற்று. முப்பதுகளில் உத்தியோகமேறிய ஒருவர், சைகோனையும் சென்னையையும் எவ்வளவு நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலும், தாம் ஓய்வுபெறும்போது சைகோன் எப்படி இருக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்திருக்க முடியாது. நாம் ஒப்பிடுவதெல்லாம் இன்றைய தேசங்களை. போய் வாழ்வதோ முப்பது வருஷம் கழித்து வரப்போகும் தேசங்களில்.

இதற்கிடையில் புதுச்சேரிக்கே அந்த முறை வந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தார்கள், எண்மர் எதிர்த்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறிற்று. 1956 மே 28-இல் டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் அல்ஜீரியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது மற்றொரு காலனியைச் சட்டபூர்வமாகத் துறக்கப் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்கு மனம் வரவில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல்தான் அது அமலுக்கு வந்தது. அன்று முதல் ஆறு மாத காலம், இந்த ஊரில் பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுப் பிரஜைகள், எழுத்து மூலம் தெரிவித்தால் பிரெஞ்சுப் பிரஜாவுரிமையை வைத்துக்கொள்ளலாம். தெரிவிக்காவிட்டால் தாமாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். சைகோனிலோ பாரிஸிலோ இருந்தவர்களுக்கு நேர் எதிர்: அவர்கள் ஒன்றும் எழுதாமலே பிரெஞ்சுக்காரர்; வேண்டாம் என்றால்தான் எழுத வேண்டும். தகப்பனார் போட்ட கையெழுத்து, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட, விவாகமாகாத பிள்ளைகளுக்கும் செல்லும். பிள்ளைகளின் பெயரை அதிலேயே குறிப்பிட்டாக வேண்டும். கணவன் செய்த தேர்வு மனைவியைக் கட்டாது. ஆகவே ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு, இரண்டு தேசத்துப் பிரஜைகள் தம்பதிகளாக இருக்கலாம் என்று இரண்டு சர்க்கார்களும் சம்மதித்துக் கையெழுத்திட்டிருந்தன.

மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையில் பிரெஞ்சு உரிமையை வேண்டுமென்று எழுதிக் கொடுத்தவர்கள் ஐயாயிரம் பேர் அளவில்தான். இன்றைக்கு இதைக் கேட்கிற வாலிபர்கள், அந்தத் தாத்தாக்கள் இவ்வளவு அசடுகளா என்று ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. சுதந்திரம் அடைந்து பதினைந்தே வருஷமான தேசம். கப்பல் கூலி கொடுக்கச் சக்தியற்ற குடும்பங்களுக்குப் பிரான்ஸ் என்பது பள்ளிக்கூடத்துப் படம். பிரெஞ்சுக்காரனாக எழுதிக் கொடுத்தால் நிலத்தைப் பறித்துக்கொள்வார்கள், ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். எழுதிக் கொடுத்தவர்களுக்கும் ஈஃபில் கோபுரத்தின் மேல் ஆசை ஒன்றும் இல்லை. பட்டாளத்தில் இருந்த சொல்தாவுக்குப் பென்ஷன் நிற்கக்கூடாது. உத்தியோகஸ்தருக்குச் சேவைக் காலம் வீணாகக் கூடாது. அவ்வளவே. அவர்கள் தங்கள் மாதாந்திரச் செலவை உத்தேசித்துப் போட்ட கையெழுத்து, அவர்கள் நினைத்தே பாராத பேரப்பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அழைத்துக்கொண்டு போயிற்று.

எங்கள் வீதியில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் இருக்கிறார். அவர் வீட்டுக் கட்டிலின் அடியில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் பழைய வேஷ்டித் துண்டில் சுற்றிய காகிதக் கட்டு. எத்தா சிவில் என்ற பிரெஞ்சுப் பதிவு அலுவலகத்தில் எடுத்த பிறப்பு நகல்கள், தகப்பனார் சைகோனில் வேலை பார்த்த காலத்துச் சான்று, மடித்த இடமெல்லாம் கிழிந்து ஒட்டுத்தாள் போட்ட 1962-ஆம் வருஷத்து விண்ணப்ப நகல் ஒன்று. தகப்பனாரின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுப் பிரெஞ்சு எழுத்தில் பதிந்த மூன்று குமாஸ்தாக்களின் கைங்கரியம். விண்ணப்பத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் வயலட் மசியில் மூன்று பெயர்கள், மூன்றும் ஆண் பிள்ளைகள். நான்காவது பிள்ளையான இந்த அம்மாள் அப்போது வில்லியனூரில் பாட்டி வீட்டில் இருந்தாராம்.

“அப்பா மறந்துட்டாரோ, ஒண்ணாவது இங்க இருக்கட்டும்னு விட்டாரோ, நான் கேக்கவே இல்ல” என்றார். “அண்ணனுங்க மூணு பேரும் போயிட்டாங்க. அப்பா அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்தினது நான்தான். அதுக்குத்தான் விட்டாரோ என்னவோ.”

அண்ணன்மார் பணம் அனுப்பினார்கள். வீட்டுக்கு மேல்மாடி வந்தது. மருந்துச் செலவுக்குக் குறைவில்லை. குடும்பத்தின் ஐந்தொகையைப் போட்டால் லாபம்தான். ஆனால் அந்த லாபத்தில் இந்த அம்மாளின் பங்கு என்ன என்று பிரித்துக் காட்டும் கணக்குப்பிள்ளை பிறக்கவில்லை. பெயர் விடுபட்ட பிள்ளைகள் பிற்காலத்தில் பிரெஞ்சு நீதிமன்றங்களில் வழக்காடியதும் உண்டு. இவர் போகவில்லை. காகிதங்களை வெய்யிலில் காயவைத்து, பூச்சி உருண்டை போட்டு, மறுபடி கட்டி வைக்கிறார். அண்ணன் பேரப்பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒரு நகல் வேண்டியிருக்கும் என்று.

போனவர்கள் பாரிஸைச் சுற்றியுள்ள சார்செல், கார்ஜ், லா கூர்நெவ் முதலான புறநகர்களின் அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கட்டாய ராணுவ சேவை நிறுத்தப்படும்வரை, புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓலை வரும். பலருக்கு அந்த ஓலைதான் முதல் பிரயாணச் சீட்டு. பட்டாளம், தபால், ஆஸ்பத்திரி, நகராட்சி என்று சர்க்கார் சம்பளத்தில் அமர்ந்தார்கள். 1983-க்குப் பிறகு ஈழத்தமிழர் வந்தபோது நிலைமை வேறு. எந்த தேசம் நல்லது என்று அவர்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. உயிர் பிழைக்க ஓடியவர்கள், ஏஜெண்டு இறக்கிவிட்ட இடத்தில் நின்றார்கள். ஆனால் லா ஷப்பெல் பகுதியில் இன்று தமிழ்ப் பலகை தொங்கும் கடைவீதியும், 1985-இல் எழுந்த மாணிக்க விநாயகர் கோயிலும், பாரிஸ் தெருவில் சூறைத் தேங்காய் உடையும் தேர்த்திருவிழாவும் அவர்கள் உண்டாக்கியவை. காகிதங்கள் எல்லாம் சரியாக வைத்திருந்த புதுச்சேரிக்காரர் தமக்கென்று ஒரு வீதியை அமைத்துக்கொள்ளவில்லை. கையில் உரிமை இருந்தவர் தனித்தனியே கரைந்தார். ஒன்றும் இல்லாதவர் கூட்டமாக நின்றார். இதை நிறை என்று எழுதுவதா, குறை என்று எழுதுவதா? பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து தெரியவேண்டும் என்று நினைக்கிறவர் ஒரு விதமாகவும், பிரெஞ்சுக்காரரோடு சமமாகக் கலந்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர் மற்றொரு விதமாகவும் எழுதுவார்.

இங்கேயே தங்கிவிட்ட நேஷனாலிட்டிக்காரரின், அதாவது பிரெஞ்சுப் பிரஜாவுரிமை உள்ளவரின், நிலைமை இன்னும் விசித்திரம். பிறந்த ஊரிலேயே அவர் அந்நியர். இந்திய சர்க்கார் இரட்டைப் பிரஜாவுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. வெளிநாட்டுப் பிரஜைகளான இந்திய வம்சாவளியினருக்கு 2005-க்குப் பிறகு வந்த ஓ.சி.ஐ. அட்டை தங்கவும் வரப்போகவும் சௌகரியம் செய்திருக்கிறதே தவிர, அட்டைக்காரர் இங்கே வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அதே மனிதர் பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலுக்கு இங்கிருந்தே வாக்களிப்பார். 2012 முதல், ரஷ்யாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் ஒரு தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுப்பார். தம் வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டால், அதைப் பற்றிக் கேட்க மட்டும் அவருக்கு வாக்கு இல்லை. ஜூலை 14-ஆம் தேதி கடற்கரையில் யுத்த நினைவுச் சின்னத்தின் முன்னால், மார்பில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, இரண்டு தேசத்துக் கீதங்களுக்கும் விறைப்பாக நிற்கும் முதிய சொல்தாக்களைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் எந்த தேசம் உசத்தி என்று கேட்டுப் பாருங்கள். பென்ஷன் அங்கே நல்லது, மீன் குழம்பு இங்கே நல்லது என்பார். கேள்வியே அவருக்கு வேடிக்கையாக இருக்கும்.

பாரிஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் சிலர் ரெட்டியார்பாளையத்திலும் லாஸ்பேட்டையிலும் வீடு கட்டி, மார்கழிக்கு இங்கே வந்து சித்திரை வெய்யிலுக்கு முன் அங்கே போய்விடுகிறார்கள். சில உதவித் தொகைகளுக்கு வருஷத்தில் பெரும்பகுதி பிரான்ஸில் வசித்திருக்க வேண்டும் என்பதால், பஞ்சாங்கத்தைவிட விமானச் சீட்டைப் பார்த்தே அவர்களுக்குக் காலம் நடக்கிறது. இரண்டு தேசத்தின் நன்மையையும் அனுபவிக்கிறார்கள் என்று ஊரார் பொறாமைப்படுகிறார்கள். அவர்களுடைய மனைவிமார், பேரக்குழந்தை அங்கே, தங்கை இங்கே என்று பேசிக்கொண்டிருப்பதை மீன் கடையில் நின்றால் கேட்கலாம்.

இந்த நேஷனாலிட்டிக்கு விவாகச் சந்தையில் இருந்த விலை எல்லோரும் அறிந்தது. மாப்பிள்ளை என்ன படித்தார் என்பதற்கு முன் எந்தப் பாஸ்போர்ட் என்று கேட்ட காலம் உண்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு தாத்தாவின் கையெழுத்தை வரதட்சிணையாக மாற்றும் சாமர்த்தியம் நமக்கே உரியது.

தாத்தாவிடமிருந்து ஒன்றும் வராத வீட்டுப் பிள்ளைகள்தான் இப்போது உண்மையில் பட்டியல் போடுகிறவர்கள். எங்கள் வீதிக் கோடியில், நர்ஸிங் முடித்த ஒரு பெண் ராத்திரியில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டி, “பாத்து சொல்லுங்க மாமா” என்றாள். ஜெர்மனி, அயர்லாந்து, கனடா, துபாய் என்று நாலு கட்டம். சம்பளம், பாஷைப் பரீட்சை, ஏஜெண்டு கேட்கும் பணம், நிரந்தரமாகத் தங்க எத்தனை வருஷம் என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாள். ஜெர்மனியின் கட்டம் மற்றவற்றைவிட நன்றாகவே இருந்தது. கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பாக ‘அம்மா’ என்று மாத்திரம் எழுதி, துபாய்க்கு நேரே ‘நாலு மணி நேரம்’ என்றும், கனடாவுக்கு நேரே ‘ஒரு நாள்’ என்றும், ஜெர்மனிக்கு நேரே ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தாள். அவள் தாயாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும்.

நான் இதுவரை பார்த்த பட்டியல்களில் வேறொருவர் பெயரைத் தலைப்பாக எழுதிய கட்டம் அது ஒன்றுதான். தகரப் பெட்டி அம்மாளின் தகப்பனார் அப்படி ஒரு கட்டம் போட்டிருந்தால், அந்த விண்ணப்பத்தில் நாலு பெயர் இருந்திருக்கும். அல்லது ஒன்றும் இருந்திராது. பெண்ணின் மனம் துபாய்ப் பக்கம் சாய்ந்திருந்தது. சம்பளத்தில் துபாய் ஜெர்மனிக்கு இளைத்தது. அங்கே எத்தனை வருஷம் உழைத்தாலும் பிரஜாவுரிமை கிடைப்பது மிக அரிது. பேரப்பிள்ளைகளுக்கு அது ஒன்றையும் விட்டுவைக்காத தேசம். அதைச் சொன்னேன்.

“தெரியும் மாமா. மூணு வருஷத்துக்குத்தான் பாக்கறேன். அப்புறம் ஜெர்மனி எங்க ஓடிடப் போவுது?” என்றாள்.

ஓடிவிடக்கூடும் என்று சைகோனை நினைத்துக்கொண்டு சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இருபத்திரண்டு வயசுப் பெண் தாயாரை முன்னிட்டு எடுத்த முடிவைச் சரித்திரத்தைக் காட்டிக் கலைக்க எனக்கு என்ன அதிகாரம்? அவளும் என் அபிப்பிராயத்துக்காக வந்ததாகத் தோன்றவில்லை. நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த காரியத்தைக் கேட்டாள்:

“ஆதார்ல அப்பா பேரு ஒரு மாதிரி இருக்கு, என் பிறப்புச் சான்றுல வேற மாதிரி இருக்கு. மிஷன் வீதி பக்கம் நல்ல நோட்டரி யாராவது தெரியுமா மாமா?”